உன் வரைபடத்தில் வடிகால் இல்லை

வாசுக்குட்டி,

இல்லை, வைக்கவில்லை. தண்ணீரை வெளியே எடுக்க ஒரு வழியும் வைக்கவில்லை. நீ வரையவில்லை, அதனால் நான் வைக்கவில்லை.

உன் தாளில் இருப்பதுதான் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, அதன் அடியில் பம்ப். அங்கிருந்து குழாய் பிராசஸருக்கு, பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு, பிறகு மேலே பொருத்திய ரேடியேட்டருக்கு, மறுபடி தொட்டிக்கு. நான்கு குழாய், எட்டு மூட்டு. தண்ணீர்கூட நீ அம்புக்குறி போட்ட திசையில்தான் போகிறது.

இப்போது சனிக்கிழமை மதியம் மூன்று மணி. பம்பை நிறுத்திவிட்டேன். தொட்டியில் ஒரு துளசித் துணுக்கு மிதக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. நடுவில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

மெஷினைத் தண்ணீரால் குளிர்விக்க நீ ஆர்டர் செய்த சாமான் பெட்டி உன் பத்தாம் நாளன்று வந்தது. கூடம் முழுக்க ஈர வேட்டிகள், ஈரப் புடவைகள். வாசலில் கூரியர்காரர் நின்றுகொண்டு வாசுதேவன் சார் இருக்காரா என்று கேட்டார். போனுக்கு ஓடிபி வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். உன் போன் உன் மேசையில் சார்ஜில் கிடந்தது. அதை யார் சார்ஜில் போட்டது என்று இன்றுவரை தெரியாது. நான் போய் நான்கு எண்களைப் படித்துவிட்டு வந்து சொன்னேன். பெட்டியைக் கையில் கொடுத்தார். இத்தனை கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆப்திகம், உன் முதல் வருஷத் திதி, ஆகும்வரை வீட்டில் புதிதாக எதையும் பிரிக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. உன் கட்டிலுக்கு அடியில் ஒரு வருஷம் கிடந்தது.

நான் உன் மெஷினில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வேலைதான். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது மணல் எப்படி இடம் மாறுகிறது என்ற கணக்கு. நடந்தே போகிற தூரத்தில் ஆற்றை வைத்துக்கொண்டு ஏன் அக்கா அதைப் பெட்டிக்குள் ஓட்டுகிறாய் என்று கேலி செய்வாயே, அதுதான். கடைசிக் கணக்கு ஒன்று பாக்கி. ஒன்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் எனக்கு முன்னால் நீண்ட வரிசை. உன் மெஷினை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

சித்திரை கடைசியில் அது மதியங்களில் நிற்கத் தொடங்கியது. எல்லா ஃபேனும் உச்சத்தில் சுழலும். மேசை நடுங்கும். பிராசஸரின் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொடும். திரை கறுத்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அதற்கு வசதி இருக்கிறது. தொடர்ந்தால் மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடி நிற்கும். இப்படியே போனால் ஒன்பது நாள் கணக்கு எத்தனை நாள் ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

என் ஆய்வைச் சோதிக்கும் குழுவின் முன் நான் உட்கார வேண்டிய நாள் புதன் கழித்து வரும் புதன். இன்றிலிருந்து பதினொரு நாள். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிவைத்தாயிற்று. அதற்குக் காரணம் நீ. இந்தத் தேதியும் போனால் அடுத்தது எப்போது அமையும் என்று தனக்கே தெரியாது என்றார் என் ஆய்வு வழிகாட்டி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பயம் குறைந்திருக்கும்.

அம்மா வெட்டிவேர் தட்டி கட்டச் சொன்னாள். "தண்ணி தெளிச்சு விட்டா ரூமே ஜில்லுனு ஆயிடும். இதுக்கு எதுக்குடி இத்தனை குழாய்?"

பெட்டியைப் பிரித்தேன்.

உன் தாள் மேசை இழுப்பறையில் இருந்தது. லாங் சைஸ் நோட்டிலிருந்து கிழித்தது, நீலப் பேனா. அடித்தல் திருத்தல் இல்லை. நீ அப்படி எழுதுகிறவனா? வீட்டுப்பாட நோட்டில்கூட பாதி அடித்திருப்பாய். இதில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை. இதுதான் கடைசிப் பிரதி, எல்லாம் யோசித்து முடித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் படித்தேன். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பது முதல் பாடம். ரேடியேட்டர் வழியாக வெளியேறும் சூடு இந்த அறைக்குள்தான் வரும். அறையே அடுப்பாக இருந்தால் தண்ணீர் என்ன செய்யும்? மேசையை வடக்கு ஜன்னலுக்கு நகர்த்தினேன். காற்று வெளியே போகும்படி பெட்டியைத் திருப்பினேன். குழாயை எங்கே வளைத்தால் மடங்கும், எங்கே வளைத்தால் மடங்காது என்று கயிற்றை வைத்து அளந்தேன். நூலளவுக்குக்கூட இங்கே பிசகக்கூடாதா என்று அம்மா கேட்டாள்.

படிக்கப் படிக்கப் பயம் கூடியது. இறுக்கம் குறைந்தால் ஒழுகும். இறுக்கம் கூடினால் ரப்பர் வளையம் நசுங்கி, அப்போதும் ஒழுகும். சரியான இறுக்கம் கையிலேயே தெரியும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். எந்தக் கையில்? உன் கை எப்படியிருந்தது என்று யோசித்தேன். நகம் கடித்த விரல்கள் நினைவில் வந்தன. இறுக்கம் வரவில்லை.

ஒரு சொட்டு. கிராபிக்ஸ் கார்டின் முதுகில் ஒரே ஒரு சொட்டு விழுந்தால் போதும். பிறகு மெஷின் இல்லை, கணக்கு இல்லை, புதன்கிழமை இல்லை. நீ தொட்டுத் தொட்டுச் சேர்த்த பொருள் என்று இந்த வீட்டில் மீந்திருப்பது அது ஒன்றுதான். அதையும் நான் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன் என்று ஆகிவிடும்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்த அன்று அமல் வந்திருந்தான். உன் நண்பன், கைலாசபுரம் அமல். அவன் அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலையில் குழாய்களுக்குள் தண்ணீரை ஏற்றி அழுத்திச் சோதித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவார்களாம். அதைக் கேட்டு வளர்ந்தவன். எட்டு மூட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றான். பிறகு பெட்டியின் அடிப்பக்கம் குனிந்து எதையோ தேடினான்.

"அக்கா, தண்ணிய வெளிய எடுக்க வழி எங்க?"

வாசு வரையவில்லை என்றேன்.

"வரையலைன்னா என்னங்கக்கா? அடியில ஒரு டீ ஜாயின்ட், ஒரு வால்வு. பத்து நிமிஷ வேலை. மலைக்கோட்டைக்குக் கீழ ஆர்.ஓ. சாமான் விக்கிற கடையிலயே கிடைக்கும்."

யோசிக்காமல் விட்டிருக்க மாட்டான் என்றேன். மூட்டு கூடினால் ஒழுகும் இடமும் கூடும், அதனால்தான் வேண்டாம் என்று வைத்திருப்பான் என்றேன். நன்றாக இருந்தது அந்தக் காரணம். அப்போதுதான் கண்டுபிடித்தது.

"உங்க தம்பி எழுதினது என்ன வேதமாக்கா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறிவிட்டது. சரிங்கக்கா, டெஸ்ட் மட்டும் ஒரு முழு நாள் பண்ணிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாவம். உன்னைப் பற்றிச் சிரித்துப் பேச இந்த ஊரில் அவனுக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

நேற்று காலை ஐந்து லிட்டர் கேன் வாங்கிவந்தேன். டிஸ்டில்டு வாட்டர். உப்பு, மண், உயிர் எதுவும் இல்லாத தண்ணீர். பிராசஸர் மேல் உட்காரும் செப்புக் கட்டைக்குள் முடி நுழையும் அளவுக்குத்தான் இடுக்குகள். தண்ணீரில் எது இருந்தாலும் அங்கே போய்த் தங்கும். வேறு எந்தத் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது. கேனை உன் அறையில் வைத்துவிட்டு, டிஷ்யூ ரோல் வாங்க மறந்ததால் மறுபடி கடைக்குப் போனேன். அரை மணி நேரம்.

வந்து புனலை வைத்து ஊற்றினேன். மற்ற எதற்கும் மின்சாரம் போகாமல் பம்புக்கு மட்டும் கொடுத்தேன். எட்டு மூட்டுக்கும் கீழே எட்டு டிஷ்யூ. மணிக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உலர்ந்திருந்தால் சந்தேகம் வந்தது, சரியாகப் பார்க்கவில்லையோ என்று. கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன்.

இன்று பதினொரு மணிக்கு ஒரு நாள் முடிந்தது. எட்டும் உலர்ந்திருந்தன. ஒரு சொட்டுக்கூட இல்லை, வாசு. சாயங்காலம் கணக்கை ஓடவிட்டால் திங்கள் கழித்து வரும் திங்கட்கிழமை முடியும். வரைபடங்கள் போட ஒரு நாள் மிஞ்சும். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதியாகக் காபி குடித்தேன். பிறகு, உள்ளே காற்றுக் குமிழி தங்கியிருக்கிறதா என்று தொட்டிக்கு டார்ச் அடித்தேன்.

கறுப்பாக ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

ரப்பர் பிசிறு என்று நினைத்தேன். பிறகு எறும்பு என்று. பம்பை நிறுத்தினேன். அது மெதுவாக மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. விளிம்பில் பல் பல்லாக இருந்தது. கேனைத் திறந்து முகர்ந்தேன். பச்சைக் கற்பூர வாசனை.

உடனே சமையலறைக்கு, அம்மாவிடம் போனேன். உனக்குத் தெரியும், உன் முதல் பைக்கிலிருந்து இந்தப் பெட்டிவரை அம்மா தீர்த்தம் தெளிக்காமல் எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. ஆயுத பூஜைக்கு அவள் வைத்த குங்குமம் இன்னும் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு யாரை நினைப்பேன்?

"கேன்ல என்னத்தை விட்டே?" என்றேன்.

"எந்தக் கேன்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. வாசு ரூம்ல இருக்கற கேன்."

"நான் ஏண்டி அதைத் தொடறேன்? மடியா தளிகை பண்ணிண்டிருக்கறவ, உன் பேட்டரித் தண்ணியைத் தொட்டுண்டு நிப்பேனா?"

நான் நம்பவில்லை. என்னென்னவோ சொன்னேன். எதையும் அதன் போக்கில் விடமாட்டாய், எல்லாவற்றிலும் உன் கை படவேண்டும், என் படிப்பு உனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றெல்லாம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா திருப்பிப் பேசாமல் நின்று நீ பார்த்திருக்கிறாயா?

கூடத்தில் அப்பா பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

"அவளைச் சொல்லாதே. நான்தான்."

அப்பா. உன் அறை வாசப்படியைத் தாண்டாத அப்பா. இந்த ஒரு வருஷமாக மெஷினைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பவர், அதுவும் வெளியே நின்றபடி: ஓடறதா? ஓடறதுப்பா என்பேன். போய்விடுவார்.

"ரெண்டு உத்தரணி தீர்த்தம்தான் விட்டேன். நேத்திக்கு. நீ கடைக்குப் போயிருந்தப்போ."

ஏம்ப்பா என்று கேட்டேன். கேட்டது எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலே அவனுக்குக் குடுக்க முடியலை."

இது உனக்குத் தெரிந்திருக்காது. உனக்கு நினைவு தப்பியிருந்தது. ஐ.சி.யு.வில் இரண்டாம் நாள் காலை அப்பா கோயிலுக்குப் போய், சின்ன வெள்ளிச் சொம்பில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உன் வாயில் குழாய் இருந்தது. வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுங்கய்யா என்று நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னார். சரிம்மா என்றார் அப்பா. வராந்தாவில் சொம்பைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு அதே ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திரும்பிப் போனார். அந்தத் தீர்த்தத்தை என்ன செய்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் அதைக் கேட்க இடமே இல்லாமல் போயிற்று.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

நான் தரையில் உட்கார்ந்து அப்பாவுக்கு விளக்கினேன். செப்புக் கட்டை, இடுக்குகள், துளசி, ஏலக்காய்ப் பொடி, ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பு. வங்கியில் வேலை பார்த்தபோது கடன் விண்ணப்பத்தைப் படித்த முகத்தோடு முழுவதும் கேட்டார்.

"கெட்டுப்போயிடுமா?"

"கெடலாம்ப்பா."

"எப்போ?"

"தெரியலை. ஆறு மாசம் கழிச்சும் ஆகலாம். நாளைக்கே ஆனாலும் ஆகலாம்."

"அப்போ எடுத்துடேன்."

"எடுக்க வழி வைக்கலைப்பா. வாசு வரையலை."

எழுந்தார். உன் அறைக்குள் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கோடுகளின் மேல் விரலை ஓட்டினார், தொடாமல். எங்கே ஆரம்பம் என்று கேட்டார். தொட்டியைக் காட்டினேன். சுற்றி வந்து மறுபடி தொட்டியில் நின்றார்.

"மறந்திருப்பான்" என்றார்.

அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை. நீ சாவியை வைத்த இடத்தை மறந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

மறந்தாயா, வாசு? நான் ஒரு தடவைகூட அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. நீ எழுதியதெல்லாம் முடிவு, எழுதாததும் முடிவு என்று வைத்திருந்தேன். காய்ச்சல் வந்த வாரம் வரைந்ததா இது? அடுத்த தாளில் வரைய இருந்தாயா? சாப்பிடக் கூப்பிட்டோம், பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தாயா? கூப்பிட்டது நானாகவும் இருக்கலாம்.

அப்பா தொட்டிக்கு அருகில் குனிந்து அந்தத் துணுக்கைப் பார்த்தார்.

"உள்ளே எல்லா இடமும் போயிட்டு வந்துடுத்தோல்லியோ?"

"ஒரு நாள் முழுக்கச் சுத்தித்துப்பா."

"அப்போ போறும். எடுத்துடு."

அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்ததைச் சாக்கடையிலே கொட்டித் தொலைக்காதே. தீர்த்தம். கால் படாத இடமா பார்த்து விடணும்" என்றாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. பேசிவிட்டாள், அது போதும்.

இப்போது அப்பா கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.

மறுபடி நாள் எண்ணுகிறேன். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வடித்து, அலசி, வால்வு வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றி, இன்னொரு முழு நாள் சோதனை. நாளை ஞாயிறு, கடை இருக்காது. திங்கள் வாங்கினால் செவ்வாய் சாயங்காலம்தான் கணக்கை ஓடவிட முடியும். ஒன்பது நாள். புதன்கிழமையைத் தாண்டிவிடும். எப்படிக் கூட்டினாலும் தாண்டுகிறது. இப்படியே ஓடவிட்டால்? ஒன்பது நாள்தானே, அதற்குள் அடைக்காமல் போகலாம். அடைத்தும் போகலாம். ஏழாம் நாள் அடைத்தால்? தேதியும் போகும், மெஷினும் போகும். அப்பா அதன் பிறகு ஓடறதா என்று கேட்க மாட்டார். தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வார், யாரிடமும் சொல்லாமல்.

அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பதினொரு நாளை விட அது பெரிது.

அதனால் கேட்கப் போகிறேன். வழிகாட்டியிடம். இரண்டாம் தடவை தள்ளிவைக்கச் சொல்வதைவிட உள்ளே கிடக்கும் துளசியோடு ஓட்டிவிடலாம் என்று இத்தனை நேரமாக நான் தேடிய வழிகள் உனக்குத் தெரிய வேண்டாம். கேட்கப் பயம்.

உனக்கு ஒரு வாக்கு. உன் தாளில் நான் ஒரு கோடு போடுவேன். தொட்டிக்கு அடியில், ஒரு டீ, ஒரு வால்வு, கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. என் பேனாவால், கறுப்பு மையில், எது உன்னுடையது எது என்னுடையது என்று தெரியும்படி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுவேன். மாற்றும்போது அப்பாவைக் கூப்பிடுவேன். நான் செய்கிற தப்பையும் மறைக்காமல் உனக்கு எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே. நீயும் ஒன்றை மறந்திருக்கிறாய்.

உன் அக்கா,
மைதிலி

ஐந்து மணிக்கு வழிகாட்டிக்குப் போன் செய்தேன். மூன்று நாள் தள்ளிவைக்க முடியுமா என்றேன். காரணம் கேட்டார். தண்ணீரை மாற்ற வேண்டும் என்றேன். மற்றவர்களைக் கேட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு, பெட்டிக்கு அடியில் பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்தேன். அப்பா சமையலறையிலிருந்து ஓர் அடுக்குப் பாத்திரத்தை எடுத்துவந்து கீழே பிடித்துக்கொண்டார். நான் முதல் மூட்டைத் தளர்த்தினேன்.